எந்தத் தடிப்பு?

சந்தவாசல் தறிக்காரர் குடும்பங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் வேலூர்தான். அங்கே கொடுத்த சீட்டில் ஆர்ட்டீரியோஸ்கிளீரோசிஸ் என்றிருந்தாலும் அத்தீரோஸ்கிளீரோசிஸ் என்றிருந்தாலும், வீட்டுக்கு வந்ததும் இரண்டுக்கும் ஒரே பேச்சு: ‘ரத்தக்குழாய் அடைப்பாம்.’

முன்னது பொதுப்பெயர். தமனியின் சுவர் தடித்து நெகிழ்ச்சி போவதையெல்லாம் அது குறிக்கும். வெயிலில் கிடந்த சைக்கிள் ட்யூப்பைப் போலக் குழாய் விறைத்துவிடும். அடைப்பே இல்லாமலும் இருக்கலாம். இதயம் தள்ளும் ரத்தத்துக்கு அது விரிந்து கொடுக்காததால் பி.பி.யில் மேல் எண் மட்டும் ஏறி 170/70 என்று நிற்கும்.

பின்னது அதில் ஒரு வகை. கொழுப்பு உட்சுவருக்குள் புகுந்து திட்டாகப் படிவது. ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஃபெலிக்ஸ் மார்ஷாண்ட் 1904இல் இதற்குத் தனிப்பெயர் வைத்தார். திட்டு சிறியதுதானே என்று இருந்துவிட முடியாது. ஆஞ்சியோகிராமில் 40 சதவீதம் என்று வந்த திட்டும் வெடிக்கலாம். வெடித்த இடத்தில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. ‘பாதிகூட அடைக்கலையே’ என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. முதல் இரண்டும் உறைவு வளராமல் தடுக்க, மூன்றாவது கொழுப்புக்கு.

நெசவாளர் வீடுகளில் அதிகம் பேச வேண்டியது இன்னொரு வகையைப் பற்றி. மென்கெபெர்க் என்ற ஜெர்மானியர் 1903இல் விவரித்தது அது. தமனியின் நடு அடுக்கில் சுண்ணாம்புச் சத்து படியும். எக்ஸ்ரேயில் குழாய் வெள்ளைக் கோடாகத் தெரியும். சர்க்கரை நோயாளிகளின் காலில் இது சகஜம். குழித்தறியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி மிதிக்கும் காலில் உணர்ச்சி மங்கியிருந்தால், சின்னக் காயம்கூடத் தெரியாமல் புண்ணாகும். அப்போது கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தால் கருவி ஏமாற்றிவிடும். சுண்ணாம்பேறிய குழாய் பட்டையின் அழுத்தத்துக்கு மடங்காது. எண் உயர்ந்தே காட்டும். ‘ரத்தம் நல்லா ஓடுது’ என்று நினைத்துக்கொள்வோம். அதே காலில் கொழுப்புத் திட்டும் சேர்ந்து பாதத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்திருக்கலாம்.

கால் பெருவிரலின் சின்னத் தமனிகளைச் சுண்ணாம்பு பெரும்பாலும் தொடுவதில்லை. ஆறாத புண்ணோடு வருகிற சர்க்கரைக்காரர், கணுக்கால் அளவு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், விரலில் அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.