வந்தபின் பார்த்துக்கொள்ளலாமா?

"காப்பீட்டு அட்டை இருக்கு, ராயப்பேட்டைக்குப் போனா வைத்தியம் நடக்குது. நல்லா இருக்கிறவங்களைக் கூப்பிட்டு கேன்சர் டெஸ்ட் எடுக்க அரசாங்கப் பணம் எதுக்கு?" அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் படித்தவர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

பலன் இல்லை என்பவர்கள் திண்டுக்கல் மாவட்டத்தைப் பார்க்கட்டும். 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, நிறம் வெளுக்கிறதா என்று செவிலியர்கள் பார்த்தார்கள். ஒரே ஒரு முறைதான். 2007இல் லான்செட் இதழில் அந்த ஆய்வின் முடிவு வந்தது: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன.

"பெண்கள் வரமாட்டார்கள்" என்பது அடுத்த வாதம். திண்டுக்கல்லில் அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். தமிழ்நாடு முழுவதும் எடுத்தால், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். கூச்சம் திண்டுக்கல்லிலும்தானே இருந்திருக்கும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் தைக்கப் போகிற பெண்ணை யோசியுங்கள். புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கும் காலை நேரத்தில் அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லீவு போட்டால் அன்றையக் கூலி போச்சு, வருகைக்கான ஊக்கத்தொகையும் போச்சு. அவள் வராததற்கு அறியாமை என்று பெயர் வைப்பது நமக்கு வசதி.

காப்பீடு நல்ல திட்டம்தான். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் நோய் முற்றியபின் கதிர்வீச்சுக்காக வாரம் ஐந்து நாள், ஐந்து வாரம் போல பூந்தமல்லியிலிருந்து நகரத்துக்கு அலைபவளின் கூலியை அது தராது. புற்றாக மாறும் முன்பே கண்டால் குளிரூட்டியோ சூடுவைத்தோ சில நிமிடங்களில் சரிசெய்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"மாவா போடுறவன் பட்டுத் திருந்தட்டும்" என்றும் ஒரு நியாயம். திருவனந்தபுரம் ஆய்வில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததாலேயே, புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்க 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போட 2025–26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கினார்களே, அந்தப் பிள்ளைகளிடம் என்ன கெட்ட பழக்கத்தைக் கண்டார்கள்?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: எல்லாச் சோதனையும் காசுக்குத் தகுதியானதல்ல. மும்பையில் 20 ஆண்டுகள் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களிடம்தான் மரணம் தெளிவாகக் குறைந்தது. தனியார் 'பேக்கேஜ்' சோதனைகளைப் பார்த்து அரசும் எல்லாருக்கும் எல்லாம் என்று இறங்க வேண்டியதில்லை.

பணம் போகவேண்டிய இடம் சோதனைக்கு அடுத்த படி. திண்டுக்கல்லில் சந்தேகத்துக்கு இடமான 3,088 பேரில் 3,052 பேருக்கு அடுத்தகட்டப் பரிசோதனையும் முடிந்தது. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறக்கின்றன. ஷிப்ட் விட்டு வருகிறவளுக்கு அங்கேயே சோதிக்கப் பழகிய ஒரு செவிலியரையும், சந்தேகம் என்றால் கூடவே போய்ச் சிகிச்சை முடியும்வரை தொடர்கிற ஒரு பணியாளரையும் சம்பளம் கொடுத்து வையுங்கள்.