ஆஸ்கர் பட்டியலில் சந்தன்: நமது கணிப்பு

திண்டுக்கல்லில் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் போன வாரம் நம்மை மறித்துக்கொண்டார்கள். "அண்ணே, இந்தத் தடவை ஆஸ்கர் நமக்குக் கிடைக்குமா? நாங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்டியிருக்கோம்." பந்தயம் ஒரு பிரியாணி. திண்டுக்கல்லில் வேறு எதைக் கட்டுவார்கள்?

'நமக்கு' என்று அந்தத் தம்பி சொன்னது இந்தியாவையா, நம் மக்களையா என்று நாம் கேட்கவில்லை. இந்த ஆண்டு அந்த இரண்டும் ஒரே படத்தில் வந்து நிற்கின்றன. நீரஜ் காய்வான் இயக்கிய 'ஹோம்பவுண்ட்' என்ற இந்திப் படம், 98-ஆவது ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் அதிகாரபூர்வ நுழைவாகப் போயிருக்கிறது. காய்வான் தன்னை தலித் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட இயக்குநர். 2015-ல் வந்த அவரது முதல் படமான 'மசான்' கேன்ஸ் விழாவில் இரண்டு பரிசுகள் பெற்றது. சர்வதேசப் படப் பிரிவில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய 15 படங்களின் பட்டியல் இந்த டிசம்பரில் வெளியானது. அதில் 'ஹோம்பவுண்ட்' இருக்கிறது. ஐந்து படங்களின் பரிந்துரைப் பட்டியல் ஜனவரி 22-ல் வரும். விருது விழா மார்ச் 15-ல்.

முதலில் கதை. வட இந்தியக் கிராமம் ஒன்றில் இரண்டு நண்பர்கள். ஒருவன் தலித், பெயர் சந்தன். இன்னொருவன் முஸ்லிம், பெயர் ஷோயப். இருவரும் காவலர் தேர்வு எழுதுகிறார்கள். காக்கிச் சட்டை போட்டுவிட்டால் யாரும் சாதியையும் மதத்தையும் கேட்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சந்தனின் அம்மா பள்ளியில் சமைக்கப் போகிறார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சில பெற்றோர் தடுக்கிறார்கள். அது ஏதோ வடக்கத்திச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்ததும் இதுவேதான். தேர்வு முடிவு இழுத்தடிக்க, நண்பர்கள் சூரத் ஆலைக்கு வேலைக்குப் போகிறார்கள். 2020 பொதுமுடக்கத்தில் ஊருக்குத் திரும்பும் வழியில் என்ன நடக்கிறது என்பதைப் படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறோம். பத்திரிகையாளர் பஷாரத் பீர் எழுதிய உண்மைச் சம்பவக் கட்டுரைதான் இதற்கு அடிப்படை. வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கும், அந்த ஆண்டு சாலையில் மூட்டை சுமந்து நடந்த வடமாநிலத் தொழிலாளர்களைக் கண்ணால் பார்த்தவர்களுக்கும் இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இனி கணிப்புக்கு வருவோம். ஐந்துக்குள் 'ஹோம்பவுண்ட்' வருவது கடினம் என்பதே நமது மதிப்பீடு.

காரணம் படத்தின் தரம் அல்ல. எதிரே நிற்பவை அப்படிப்பட்ட படங்கள். கேன்ஸில் தங்கப்பனை வாங்கிய ஜாபர் பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்' பிரான்ஸ் சார்பில் வருகிறது. அதே விழாவில் இரண்டாவது பெரிய பரிசை வாங்கிய 'சென்டிமென்டல் வேல்யூ' நார்வேயின் படம். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் என இரண்டையும் தட்டிச்சென்ற 'தி சீக்ரெட் ஏஜென்ட்' பிரேசில் படம். இந்த மூன்றும் உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். மீதி இரண்டு இடங்களுக்கு ஸ்பெயினின் 'சிராட்', தென்கொரியாவின் 'நோ அதர் சாய்ஸ்', காஸாவில் கொல்லப்பட்ட சிறுமியின் தொலைபேசிக் குரலை வைத்து எடுத்த துனிசியாவின் 'தி வாய்ஸ் ஆஃப் ஹிந்த் ரஜாப்' ஆகியவை மோதும். கடைசியாகச் சொன்ன படம் வெனிஸில் வெள்ளிச் சிங்கம் வாங்கியது. அது உள்ளே வரும் என்று நினைக்கிறோம். 'ஹோம்பவுண்ட்' கேன்ஸில் நீண்ட கைதட்டல் பெற்றது, பரிசு பெறவில்லை. டொராண்டோ விழாவில் சர்வதேசப் படங்களுக்கான பார்வையாளர் தேர்வில் மூன்றாம் இடம் வந்தது. இறுதியில் கோப்பை 'சென்டிமென்டல் வேல்யூ'வுக்குப் போகும் என்று நம் பங்குக்கு ஒரு சீட்டு எழுதிப் போடுகிறோம்.

தேர்தலில் பூத் ஏஜென்ட் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆஸ்கரும் தேர்தல்தான். ஓட்டுப் போடும் உறுப்பினர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். இந்தப் பிரிவில் பரிந்துரைக்கு ஓட்டுப் போட வேண்டுமானால் 15 படங்களையும் பார்த்திருக்க வேண்டும். அவர்களைப் பார்க்க வைக்கத்தான் மாதக்கணக்கில் திரையிடல், விளம்பரம், விருந்து எல்லாம். மார்ட்டின் ஸ்கார்செஸி நிர்வாகத் தயாரிப்பாளராகச் சேர்ந்தது இந்தப் படத்துக்குப் பெரிய பலம். ஆனால் மேலே சொன்ன ஆறில் ஐந்து படங்களை அமெரிக்காவில் வெளியிடுவது நியான் என்ற ஒரே நிறுவனம். களம் எவ்வளவு நெரிசல் என்பதற்கு இது போதும். இந்தியா படம் அனுப்பத் தொடங்கி ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆகின்றன. ஐந்துக்குள் வந்தவை 'மதர் இந்தியா', 'சலாம் பாம்பே', 'லகான்' ஆகிய மூன்றே.

ஆனால் நமக்கு உறுத்துவது வேறு ஒன்று. போன ஆண்டும் இதே 15 படப் பட்டியலில் ஒரு தலித் கதை இருந்தது. தலித் சிறுமி ஒருத்தியின் கொலையை விசாரிக்கும் பெண் காவலர் பற்றிய 'சந்தோஷ்' அது. இந்தியில் எடுத்த படம், இந்தியக் கதை, இந்திய நடிகர்கள். அதை அனுப்பியது பிரிட்டன். இந்தியா அந்த ஆண்டு அனுப்பிய 'லாபதா லேடீஸ்' 15-க்குள் வரவில்லை. லண்டனில் ஓடிய 'சந்தோஷ்' படத்துக்கு நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் தரவில்லை. இங்கே அது திரைக்கு வரவே இல்லை. 'ஹோம்பவுண்ட்' படத்திலும் வெட்டச் சொன்ன இடங்கள் உண்டு. நம் கதை வெளியூர் பந்தியில் பரிமாறப்படுகிறது. உள்ளூரில் இலை போட மறுக்கிறார்கள்.

நம் தமிழ்ப் படங்களின் கணக்கையும் பார்த்துவிடலாம். 1992-ல் இந்தியா ஆஸ்கருக்கு அனுப்பியது 'தேவர் மகன்'. அந்தப் படம் தேசிய விருதுகளையும் அள்ளியது. அதற்கான பதிலாகத்தான் 'மாமன்னன்' எடுத்தேன் என்று 2023-ல் மாரி செல்வராஜ் வெளிப்படையாகச் சொன்னார். 'மாமன்னன்' படத்துக்கு தேசிய விருது இல்லை. 'பரியேறும் பெருமாள்' படத்துக்கும் இல்லை. 'ஜெய்பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' மூன்றும் ஒரே ஆண்டில் போட்டியில் நின்றன, மூன்றுக்கும் பூஜ்யம். 'அசுரன்' வாங்கியது, தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருதும் வந்தது. எல்லாக் கதவும் மூடியிருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. நடுவர் குழுவில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கும் பழக்கமே இங்கு இல்லை என்கிறோம்.

அமெரிக்காவில் கேட்டார்கள். 1940-ல் ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியலை அன்றைய விழாவில் சுவரோரம் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். தனிக் குவளை தெரிந்த நமக்கு அந்த மேசையும் தெரியும். 2015, 2016 இரண்டு ஆண்டுகளும் நடிப்புக்கான 20 பரிந்துரைகளும் வெள்ளையருக்கே போனபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் 2020-க்குள் இரு மடங்காகச் சேர்ப்போம் என்று அகாடமி இறங்கி வந்தது. 2017-ல் 'மூன்லைட்' சிறந்த படமானது.

மாணவர்களிடம் பேச வேண்டிய காட்சி ஒன்று படத்தில் இருக்கிறது. சந்தன் தன் சாதியை மறைத்து, பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கிறான். வேலை கிடைத்த பிறகும் 'கோட்டாவில் வந்தவன்' என்று கேலி செய்வார்கள் என்ற பயம். காலையில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளிடமும் அந்தப் பயத்தைப் பார்க்கிறோம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதிச் சான்றிதழ் இணைத்து விண்ணப்பித்தாலும், பொதுப் பிரிவுக்குரிய மதிப்பெண் எடுத்தால் உங்களைப் பொதுப் பிரிவிலேயே எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. பட்டியலினத்தவருக்கான 18 சதவீதம் அதற்கு மேல். மறைப்பதால் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. நம் பங்கில் ஓர் இடம் குறையலாம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "அப்ப பிரியாணி போச்சா அண்ணே?" என்றான். ஜனவரி 22 வரை பொறு என்றோம். படத்தை அவன் இன்னும் பார்க்கவில்லையாம். நெட்பிளிக்ஸில் இருக்கிறது, விடுதியில் யாரிடமும் சந்தா இல்லை. வருகிற ஞாயிறு ஒரு மடிக்கணினியோடு நாமே அங்கே போவதாக இருக்கிறோம்.