பிள்ளைகள் எவ்வளவு கற்றனர்?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் வீட்டுமொழி மலையாளந்தான் என்று எவரும் துணிந்து கூறவியலாது. கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் வழங்கும் ஊர் இது. அண்டையில் ஃபோர்ட் கொச்சியின் தோபிகானா எனும் சலவைத் துறையில் தமிழ் ஒலிக்கிறது. அண்மைக் காலத்தில் வங்காளமும் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளரின் பிள்ளைகள் எறணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் சேர்ந்தனர். அவர்களுக்கென மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம், தாய்மொழியைத் துணைகொண்டு மலையாளம் கற்பிக்க முனைந்தது. போற்றத்தக்க முயற்சி. ஆயினும் இத்தகைய முயற்சி ஒவ்வொன்றிடமும் நாம் கேட்டேயாக வேண்டிய வினா ஒன்றுண்டு: பிள்ளைகள் எவ்வளவு கற்றனர்?

இரண்டாம் மொழிக் கல்வி ஆய்வுகளில் பல இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. ‘வேறுபாடு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது’ என்ற ஒற்றை வரியோடு அமைந்துவிடுகின்றன. அவ்வரி, கண்ட வேறுபாடு தற்செயலாய் நேர்ந்திருக்கக்கூடுமா என்பதைப் பற்றியது. வேறுபாட்டின் பருமனைப் பற்றியதன்று.

ஒரு கணக்கு காண்போம். ஐம்பது மதிப்பெண் தேர்வில் புதுமுறையில் பயின்ற வகுப்பின் சராசரி 27. பழைய முறை வகுப்பின் சராசரி 23. இரண்டிலும் மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 10. வேறுபாடான நான்கைப் பத்தால் வகுக்க 0.4 கிடைக்கிறது. இதுவே விளைவளவு. வகுப்புக்கு 20 பேர் எனில், புள்ளியியல் சோதனை இதனைக் குறிப்பிடத்தக்கதன்று எனத் தள்ளிவிடும். 200 பேர் எனில், ஐயத்துக்கிடமின்றி ஏற்கும். கற்றலோ இரண்டிடத்தும் ஒன்றே. உண்மையான விளைவளவு அமையக்கூடிய வரம்பாகிய நம்பிக்கை இடைவெளியையும் உடன் எழுதினால் உண்மை தெளியும்: 20 பேரிடம் அது ஏறத்தாழ −0.2 முதல் 1.0 வரை அகன்று கிடக்கும். 200 பேரிடம் 0.2 முதல் 0.6 வரை குறுகும். சிறு பள்ளியின் முடிவு பொய்யன்று, உறுதி குறைந்தது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி.

அந்த 0.4 பெரிதா, சிறிதா? புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் சிறிது, நடுத்தரம், பெரிது என வகுத்த 0.2, 0.5, 0.8 என்னும் எல்லைகளை எத்துறைக்கும் பொருத்திப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 2014இல் ஆய்வாளர்கள் லூக் ப்ளோன்ஸ்கியும் ஃபிரெடரிக் ஆஸ்வால்டும் 346 ஆய்வுகளையும், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கும் 91 தொகுப்பாய்வுகளையும் திரட்டி, இரண்டாம் மொழித் துறைக்கு 0.4, 0.7, 1.0 என்ற எல்லைகளை முன்வைத்தனர். ஒரே குழுவை முன்னும் பின்னும் அளந்தால் எல்லை இன்னும் உயர்ந்து 0.6, 1.0, 1.4 ஆகும்; ஓராண்டு பள்ளியில் அமர்ந்த பிள்ளை எம்முறையிலும் ஓரளவு வளரத்தானே செய்யும்! அவ்வளர்ச்சி முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதுவது முறையாகாது. இவ்வெல்லைகளும் வேதவாக்கு அல்ல. ஒரே தரத்தினரை மட்டும் பொறுக்கியெடுத்தால் திட்டவிலக்கம் சுருங்கி விளைவளவு ஊதிப்பெருகும்.

தேர்வின் தன்மையையும் நோக்குதல் வேண்டும். மொழிக்கல்வி அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய இடங்களில் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் உலகப் புகழ் பெற்றது. அதனை மதிப்பிட்டு ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் 1985இல் எழுதினர். குலுக்கல் முறையில் பிரிக்கப்படாத, முன்னரே அமைந்திருந்த வகுப்புகளையே அவர்கள் ஒப்பிட நேர்ந்தது. திட்ட வகுப்புகள், வழக்கமான முறை வகுப்புகள் ஆகிய இரண்டு அணிகளும் தத்தம் முறைக்குரிய தேர்வில் மேலோங்கின. ஆதலின் எத்தேர்வில் கண்ட விளைவளவு என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவது அரைகுறை உண்மையே. குழுக்களின் தொலைவைச் சிதறலோடு சேர்த்து அளக்கும் முறையைப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936இலேயே வகுத்தளித்த நாடு இது. இவ்வகை அளவீடு நமக்கு அயலானதன்று.

மாவட்ட நிர்வாகமும் ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களும் பள்ளிவாரியாகச் சராசரி, திட்டவிலக்கம், மாணவர் தொகை ஆகியவற்றை ஒப்பீட்டு வகுப்பின் எண்களோடு வெளியிடல் வேண்டும். அவை அச்சேறினால் இருபது பிள்ளைகளின் கணக்கும் வீணாகாது. பிற பள்ளிகளின் கணக்கோடு சேர்ந்து இடைவெளி குறுகும். ஒப்பீட்டு வகுப்புகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, முன்தேர்வும் நடத்திவிடுக. ஆண்டிறுதியில் தேடினால் பொருந்தும் வகுப்பு வாய்க்காது.