வழவழப்புக்குக் கழுத்து கொடுக்கும் விலை

முகச்சவரம் செய்ததும் தாடைக்குக் கீழே எரிகிறது, ஓரிரு நாளில் பொரிப்பொரியாகக் கிளம்புகிறது என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரு கிரீம்தான். எந்த ஆஃப்டர்ஷேவ் நல்லது, எந்த ஜெல் பூசலாம் என்றே பேச்சு தொடங்கும். ஆனால், இந்தத் தொல்லை பூசும் பொருளால் வருவது குறைவு. முடியை எவ்வளவு ஒட்ட வெட்டுகிறோம் என்பதுதான் பெரும்பாலும் காரணம். கன்னத்தைத் தடவினால் கை வழுக்க வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டாலே பலருக்கு மருந்து தேவைப்படாது.

இதில் இரண்டு தொல்லைகள் உண்டு. சவரம் முடிந்த சில நிமிடங்களில் தோல் சிவந்து காந்துவது ஒன்று. பிளேடு முடியோடு சேர்த்துத் தோலின் மேலடுக்கையும் சுரண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். மற்றது, சில நாள் கழித்துக் கழுத்திலும் தாடையோரத்திலும் எழும் கொப்புளங்கள். பலரும் இதைப் பரு என்று நினைத்துப் பருவுக்கான சோப்பை வாங்கித் தேய்க்கிறார்கள். இது பரு அல்ல.

அந்தக் கழுத்தை நல்ல வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும். கொப்புளத்தின் நடுவே கறுப்பாக ஒரு முடி வளைந்து கிடக்கும். அதன் ஒரு பக்கம் வேர்க்குழியில் இருக்கும். மறு முனை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தோலைத் துளைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே இறங்கியிருக்கும். பிளேடு முடியைச் சாய்வாக வெட்டும்போது அதன் நுனி ஈட்டிபோலக் கூராகிவிடுகிறது. சுருட்டை முடி வளர வளர வளைந்து, அந்தக் கூரான நுனியால் பக்கத்துத் தோலில் குத்துகிறது. உள்ளே புகுந்த தன் முடியையே உடல் அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. வீக்கம், வலி, சில சமயம் சீழ் எல்லாம் அந்த எதிர்ப்பின் விளைவுகள். கிருமி பின்னால் வந்து சேரலாம். தொடக்கம் கிருமியால் அல்ல. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிக அதிகம். நம்மிலும் தலைமுடி நேராக இருக்கும் பலருக்குக் கழுத்து முடி சுருண்டும், ஆளுக்கொரு திசையில் சுழித்தும் வளர்வதால், கன்னம் தப்பித்துக் கழுத்து மட்டும் அவதிப்படும்.

முடி தோலுக்கு வெளியே வராமலேயே குத்துவதும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முடி வளரும் போக்குக்கு எதிராகப் பிளேடை ஓட்டினால், வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே பின்வாங்கிவிடும். அது வளரத் தொடங்கும்போது வாசலைத் தேடாமல் வேர்க்குழியின் சுவரையே துளைக்கிறது. பல பிளேடு ரேஸர்களின் தொழில்நுட்பமே இந்தப் பின்வாங்கலை நம்பி இருக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் அறிய வேண்டும். 1971-இல் ஜில்லெட் இரட்டை பிளேடு ரேஸரைக் கொண்டுவந்தது. முதல் பிளேடு முடியைப் பற்றி இழுக்கும். அது உள்ளே திரும்புவதற்குள் இரண்டாவது பிளேடு இன்னும் அடியில் வெட்டும். 1998-இல் மூன்று பிளேடு, 2006-இல் ஐந்து பிளேடு. கழுத்தில் கொப்புளம் வராதவர்களுக்கு இதனால் தொல்லை இல்லை. வருகிறவர்களுக்கோ ஒவ்வொரு கூடுதல் பிளேடும் கூடுதல் காயம். அதே நிறுவனம் 2010-இல் இந்தியாவுக்கென்றே விற்பனைக்கு விட்ட மலிவான ரேஸரில் ஒரே ஒரு பிளேடுதான். இங்கே பலர் தினமும் சவரம் செய்வதில்லை, குழாய்த் தண்ணீர் இல்லாமல் ஒரு கிண்ண நீரில் முடித்துக்கொள்கிறார்கள் என்று நேரில் பார்த்து வடிவமைத்தது அது. கழுத்துக் கொப்புளக்காரர்களுக்கு நான் சொல்வதும் ஒற்றை பிளேடுதான்.

அடுத்தது தண்ணீர். உலர்ந்த தாடி முடி முரடானது. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் மெதுவாகி, குறைந்த அழுத்தத்திலேயே வெட்டுப்படும். 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிளேடின் எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. ஆனாலும் வளைந்து நிற்கும் ஒற்றை முடி, பிளேடின் கூர் விளிம்பில் பலவீனமான இடம் பார்த்துச் சில்லுப் பெயர்த்துவிடுகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் கண்டு சொன்னார்கள். அப்படிச் சில்லுப் பெயர்ந்த விளிம்பைத்தான் நாம் ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்’ என்று வைத்திருக்கிறோம். கூர் போன பிளேடை அழுத்தினால்தான் வெட்டும். அழுத்தினால் தோல் கிழியும். ஐந்தாறு சவரத்துக்கு மேல் ஒரு பிளேடை வைத்துக்கொள்ளாதீர்கள்.

குளித்து முடித்த கையோடு சவரம் செய்வது எல்லாவற்றிலும் எளிய வழி. நம் வீடுகளில் சவரம் முடித்துவிட்டுக் குளிப்பதுதான் வழக்கம் என்பதால் இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படியானால், ஈரத் துண்டை முகத்தில் சுற்றி மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குளியல் சோப்பைக் குழைத்துச் சவரம் செய்வதைத் தவிருங்கள். சோப்பின் காரத்தன்மை தோலுக்கு ஆகாது. தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காமல், உப்போடு சேர்ந்து பிசுக்காகத் தோலில் படிந்து அரிப்பைக் கூட்டும். வாசனை இல்லாத ஷேவிங் கிரீமோ ஜெல்லோ போதும். முடி எந்தப் பக்கம் வளர்கிறது என்று முந்தின நாளே விரலால் தடவிப் பார்த்துவைத்துக்கொண்டு, அந்தப் போக்கிலேயே ஒரு முறை மட்டும் ஓட்டுங்கள். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். விட்டுப்போன இடம் இருந்தால் இருக்கட்டும்.

சலூனில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, பாதியைச் சவரக்கத்தியில் செருகி, ஒரு முறை மேலிருந்து கீழாக மழித்துவிட்டு, மறுபடி நுரை பூசிக் கீழிருந்து மேலாக இன்னொரு முறை. இது முடிதிருத்துநரின் தவறு இல்லை. “நல்லா வழிச்சு விடுங்கண்ணே” என்று கேட்டு வாங்குகிறோம். “ஒரு தடவை போதும்ணே, எதிரே போட வேண்டாம்” என்றால் அவர் செய்யமாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

சலூன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின்னர் பரவிய விழிப்புணர்வால், ஆளுக்கொரு புது பிளேடு என்பது நம் சலூன்களில் வழக்கமாகிவிட்டது. பெரிய மாற்றம் அது. ஆனால் பிளேடு புதிது, படிகாரக் கல் பழையது. மழித்து முடித்ததும் எல்லார் முகத்திலும் அதே கல்லைத் தேய்க்கிறார்கள். கசிந்த ரத்தம் அதில் படிகிறது. ஹெபடைடிஸ்-பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. படிகாரம் ரத்தக் கசிவை நிறுத்தும் என்பது உண்மை, வீட்டில் உங்களுக்கென்று தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். சலூனில் கல் வேண்டாம் என்று சொல்லுங்கள். பலருக்கும் பூசும் பிரஷ், முகம் துடைக்கும் துண்டு ஆகியவற்றையும் கவனியுங்கள். முகத்தில் படையும் சீழ்க்கொப்புளமும் அந்த வழியாக வர முடியும்.

எரிச்சல் வந்துவிட்டால் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை ஐந்து பத்து நிமிடம் ஒற்றி வையுங்கள். ஈரம் முழுதும் காயுமுன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லப் பூசுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் சுரீரென்று எரிவதைக் கிருமி சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எரிவது உரிந்த தோல். கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் பூசுவது, எலுமிச்சை தேய்ப்பது இரண்டும் புண்ணைப் பெரிதாக்கும். சோற்றுக்கற்றாழை சிலருக்கு இதம் தரும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை வடியவிட்டு, கழுவிய சோற்றை மட்டும் எடுக்க வேண்டும்.

கொப்புளம் உள்ளவர்கள் சவரத்தையே நிறுத்த வேண்டும், நான்கு வாரமாவது. முதல் வாரத்தில் கொப்புளம் கூடுவதுபோலத் தோன்றும். அங்கேதான் பலர் பயந்து மீண்டும் ரேஸரை எடுக்கிறார்கள். பொறுத்திருந்தால், முடி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும்போது வளைவு தளர்ந்து, உள்ளே புகுந்த நுனி தானாகவே வெளியேறிவிடும். நகத்தால் கிள்ளுவதும் முடியைப் பிடுங்குவதும் வேண்டாம். பிடுங்கிய இடத்தில் புதிதாக வளரும் முடி மறுபடி உள்ளேயே குத்தும். நம் தோலில் ஒவ்வொரு கொப்புளமும் மாதக்கணக்கில் ஒரு கறுப்புத் தழும்பை விட்டுப்போகும், கிள்ளினால் அது இன்னும் அடர்த்தியாகும். தீராத நிலையில் அடாபலீன் போன்ற பூச்சுகள் உண்டு. மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் ஏற்ற 1064 நானோமீட்டர் லேசரால் முடி அடர்த்தியைக் குறைக்கவும் முடியும். இவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். மருந்துக்கடையில் “ஷேவ் பண்ணினா அரிக்குது” என்று சொன்னால் சட்டென்று ஒரு ட்யூபை எடுத்துக் கொடுக்கிறார்கள். அதில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்திருக்கும். பூசிய மறுநாளே எரிச்சல் காணாமல் போகும், அதனால்தான் அது ஆபத்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும்; பரு கிளம்பும்; நிறுத்தினால் முன்பைவிட மோசமாக எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். 2011-இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் நாட்டின் 12 மையங்களில் நடத்திய ஆய்வில், முகத் தொல்லையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பூஞ்சைப் படையின் மேல் இதைப் பூசினால் படை உருமாறி, பார்த்ததும் அடையாளம் காண முடியாதபடி பரவும். கடந்த சில ஆண்டுகளில் நாடெங்கும் மருந்துக்கு அடங்காத படை பெருகியதில் இந்தக் கலவைக் கிரீம்களுக்குப் பங்கு உண்டு. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று விதியை மாற்றியது. விதி தாளில் இருக்கிறது. ட்யூப் இன்னும் கேட்டவுடன் கிடைக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை செய்ய வேண்டியது ஒன்றுதான், இதைக் கடைக்கடையாகச் சோதிப்பது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிங்க டாக்டர், டியூட்டிக்குத் தினமும் ஷேவ் பண்ணிட்டுத்தான் போகணும்” என்கிறார்கள் பாதுகாவலர்களும் ஓட்டல் ஊழியர்களும் சீருடைப் பணியாளர்களும். வருகைப் பதிவின்போது தாடையைத் தடவிப் பார்க்கும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். கழுத்து முழுக்கச் சீழ்க்கொப்புளத்தோடு, அதன் மேலேயே தினம் பிளேடு ஓட்டி வேலைக்குப் போகும் இளைஞருக்கு நான் எழுதிக்கொடுக்கும் எந்த மருந்தும் பலிக்காது. அவருக்குத் தேவை விடுப்பு அல்ல, நாலு வாரம் முடி வளர அனுமதி. அதற்குப் பின் ட்ரிம்மரில் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ள அனுமதி. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் சுவாசக் கவசம் அணிய வேண்டிய தீயணைப்பு போன்ற பணிகளில் மழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தாடி இருந்தால் கவசத்தில் காற்று கசியும். வாசலில் நின்று கார்களுக்குக் கதவு திறந்துவிடுபவருக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அமெரிக்க ராணுவத்திலேயே இந்த நோய்க்காக மருத்துவச் சான்றின் பேரில் சவரத்திலிருந்து விலக்களிக்கும் நடைமுறை பல பத்தாண்டுகளாக இருந்துவந்தது.

காவலாளிகளை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களும், ஓட்டல் நிர்வாகங்களும், பயிற்சிப் பள்ளிகளும் தங்கள் தோற்ற விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: மருத்துவர் எழுதிக்கொடுத்தால், ஒழுங்காக வெட்டிய குறுந்தாடிக்கு அனுமதி உண்டு. செலவில்லாத மருந்து இது. நிர்வாகிகள் இந்த மாதமே செய்யலாம்.

– கட்டுரையாளர், தோல்நோய் சிகிச்சை மருத்துவர்