பிறந்த குழந்தையின் பங்குக்கு எண் ஒரு நிபந்தனையா?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 முன்னுரிமைக் குடும்பத்தின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. அக்குடும்பத்தில் பிறக்கும் குழந்தையும் ஓர் உறுப்பினரே. ஆனால் குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்கச் சென்றால், பல இடங்களில் முதலில் கேட்கப்படுவது ஆதார் எண். ஆதாருக்குப் பிறப்புச் சான்றிதழும், தாய் அல்லது தந்தையின் ஆதாரும் தேவை. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் குழந்தையின் பங்கு நின்றுவிடுகிறது.

சட்டம் இதை அனுமதிக்கவில்லை. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆதார் எண் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் நலத்திட்டப் பயனை மறுக்கக் கூடாது என்றும், வேறு ஆவணங்களைக் கொண்டு அடையாளத்தைச் சரிபார்த்துப் பயனை வழங்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பாதுகாப்பை ஆதார் சட்டத்திலேயே சேர்த்தது.

போலிப் பெயர்களைக் களையவே எண் கேட்கப்படுகிறது என்பது அரசுகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். பச்சிளங்குழந்தை விஷயத்தில் அக்காரணம் நிற்காது. 5 வயது நிறையாத குழந்தையின் கைரேகையோ கருவிழியோ பதிவு செய்யப்படுவதில்லை. முகப்படம் மட்டுமே எடுக்கப்படுகிறது. அந்த எண் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் ஆதாரையும் சார்ந்தே வழங்கப்படுகிறது. அவ்வாறெனில், சான்றிதழ் ஏற்கெனவே மெய்ப்பித்ததைத் தவிர அந்த எண் புதிதாக எதை மெய்ப்பிக்கிறது?

இச்சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயர்வோரில் தலித்துகளும் பழங்குடியினரும் மிகுதி. பிறப்பு, நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும். சூளையருகே பிறந்த குழந்தையின் சான்றிதழ் ஒரு மாவட்டத்திலும் குடும்ப அட்டை வேறொரு மாவட்டத்திலும் இருக்கும். 21 நாள்களுக்குள் பதிவு செய்யத் தவறினால் தாமதக் கட்டணம். 30 நாள் கடந்தால் அதிகாரியின் அனுமதி. ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை. தாயின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் இருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறை அலுவலகம் ஏறி இறங்குவதும் ஒரு நாள் கூலியை விழுங்குகிறது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அந்தச் சில கிலோ அரிசியையே கைவிட்டுவிடுகிறது. பின்னர் அது ‘விண்ணப்பிக்கவில்லை’ என்ற கணக்கில் சேர்கிறது.

நாம் எண்ணை எதிர்க்கவில்லை. எண்ணை உரிமைக்கு முன் நிறுத்துவதையே எதிர்க்கிறோம். பிறப்புப் பதிவோடு ஆதார்ப் பதிவையும் இணைக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் உள்ளது. அது மருத்துவமனையோடு நின்றுவிடாமல் சூளைக்கும் சேரிக்கும் வர வேண்டும். அதுவரை பிறப்புச் சான்றிதழே போதும் என மாநில அரசுகள் நியாய விலைக் கடைகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் எழுத்து வடிவில் ஆணையிட வேண்டும்.

மறுக்கப்படும் குடும்பங்கள் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாவட்டக் குறைதீர் அலுவலரையும் மாநில உணவு ஆணையத்தையும் இதற்காகவே ஏற்படுத்தியுள்ளது. அங்கே மனு கொடுக்கத் துணை நிற்பது நம் இயக்கங்களின் உடனடிக் கடமை. வாயால் சொல்லி அனுப்பப்படும் மறுப்புக்குப் பதிவு கிடையாது. பதிவில்லாத மறுப்பை எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்வதில்லை.