பூட்டிய பீரோவும் நாமும்

நூலகம் என்று பேச்செடுத்தால் கர்நாடக எல்லை ஊரான அத்திபெலேயின் தமிழர்களான நமக்கு வாய் நீளம். தமிழ் பேப்பர் போடுவதில்லை, ஃபேன் சுற்றவில்லை, நாற்காலி போதவில்லை. டோல்கேட்டைத் தாண்டி ஓசூருக்குப் போய்வரும்போதெல்லாம் அங்கே எப்படி, இங்கே எப்படி என்று ஒப்பிட்டுப் பொருமுவோம். ஆனால் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கிற ஆளுக்கு அதை எப்படிச் செய்வதென்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று நம்மில் ஒருவரும் கேட்டதில்லை.

தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தை பெங்களூரில் கழித்து 1972இல் இங்கேயே மறைந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துக்கான அவருடைய ஐந்து விதிகள் 1931லேயே வந்துவிட்டன. வாசகருக்கு அவருக்குரிய நூல் போய்ச் சேர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கொண்டுபோய்ச் சேர்ப்பது அலமாரியா, ஆளா? நூலகர் தினமான ஆகஸ்ட் 12இல் அவர் படத்துக்கு மாலை போடும்போது நமக்கு அது உறைத்ததில்லை.

பணமும் நம்முடையதுதான். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகத்தில் சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி உண்டு. ரசீதை மடித்து வைத்தோமே தவிர, அந்தக் காசில் ஆளைத் தயார் செய்கிறார்களா என்று விசாரித்ததில்லை. 2019இல் கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் ஊரக வளர்ச்சித் துறைக்கு மாறின. அடுத்த ஆண்டு ‘ஓதுவ பெளகு’ இயக்கம் வந்து, 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை என்றானது. ஆனேக்கல் தாலுகாப் பஞ்சாயத்துகளில் இருக்கும் நம் சொந்தக்காரர்களும் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொடுத்தார்கள். பெயர் ஏறியதோடு கடமை முடிந்தது என்று எல்லாருமே இருந்துவிட்டோம்.

சாயங்காலம் நாலரை மணி, அப்படியொரு பஞ்சாயத்து நூலகம். அம்மா கம்பெனியில் ஷிஃப்டில் இருக்க, பேத்தியைக் கூட்டி வருவது பாட்டி. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பக்கத்து வரிசைப் பிள்ளைகளோடு இந்தி. பாட்டிக்கு எழுத்தே தெரியாது; வாசலில் செருப்புகளோடு செருப்பாக நிற்கிறார். மேசைக்குப் பின்னாலிருந்து, ‘ஏனு பேக்கு?’ (என்ன வேணும்?) என்று குரல் வருகிறது. பிள்ளை பாட்டியின் முந்தானைக்குள் போய்விடுகிறது.

மேசைக்குப் பின்னாலிருக்கும் நூலக மேற்பார்வையாளர் கெட்டவரில்லை. சொற்ப மதிப்பூதியம், புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அதனால்தான் படப்புத்தகங்கள் பீரோவுக்குள், சாவி அவர் இடுப்பில். மேசையை விட்டு எழுந்து வந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தி, இரண்டு மூன்று படப்புத்தகங்களைத் தரையில் விரித்துப்போட்டு, ‘பாட்டி, நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. எழுத்து வேணாம், படத்தைப் பாத்து உங்க பாஷையில கதை சொல்லுங்க’ என்று சொல்லப் பெரிய பட்டம் எதுவும் வேண்டாம். ஆனால் தானாகவும் வந்துவிடாது. கிழிந்த பக்கத்தைக் குற்றமாகப் பார்க்காமல் இருப்பது, சத்தமாக வாசித்துக் காட்டுவது, பதினைந்து வயதுப் பையன் கேட்கக் கூச்சப்படும் புத்தகத்தை அவன் கண்ணில் படும்படி வைப்பது எல்லாம் பழகிப் படிய வேண்டியவை. வேலையில் இருப்பவர்களுக்காகவே டாட்டா டிரஸ்ட்ஸின் பராக் அமைப்பு நூலகக் கல்வியாளர் படிப்பு நடத்துகிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் ஒரே கதையைத் தமிழிலும் கன்னடத்திலும் இலவசமாக எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் கண்டதையும் அனுப்பும் நாம் இந்தத் தகவலை மேற்பார்வையாளருக்கு அனுப்பவில்லை.

நாம் கொடுத்ததெல்லாம் வேறு. வீடு மாறும்போது மிஞ்சிய பழைய பி.யூ.சி. கைடுகளை மூட்டை கட்டி ‘நன்கொடை’ என்று இறக்கினோம். பிள்ளைகள் சிரித்துப் பேசினால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று அவரிடமே போய் முறையிட்டோம். பிறகு, பிள்ளைகளை அவர் அதட்டுகிறார் என்றும் குறை சொன்னோம். அதட்டச் சொன்னது நாம்தானே!

இனி கிராம சபையிலும் புரசபையிலும் மேற்பார்வையாளருக்குப் பயிற்சி வேண்டும் என்று மனு கொடுக்கலாம். பயிற்சி நாளுக்கு அவருக்குப் பஸ் காசும் படியும் யார் தருவது, அன்று அவருக்குப் பதிலாக யார் உட்காருவது என்பதையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும். ஏனென்றால் அவர் பயிற்சிக்குப் போன நாளில் நூலகம் பூட்டிக் கிடந்தால் முதலில் கத்தப்போவதும் நாம்தான்.