மாட்டுச் சந்தையை விட்டுவிடக் கூடாது

ஜீவாமிர்தத்துக்கு நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ வேணும்னு எல்லாரும் சொல்றோம். அந்த மாடு எங்கிருந்து வரும்னு யாரும் கேக்கறதில்லை.

எங்கள் கணியம்பாடியிலிருந்து வேலூரைத் தாண்டினால் பொய்கை. செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே மாட்டுச் சந்தை. தெற்கே போனால் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தை ஒட்டி அங்கேயும் சந்தை கூடும். போன மாசம் பொய்கைக்கு ஒரு பெரியவரோடு போனேன். கண்ணில் பட்டதெல்லாம் கலப்பினக் கறவைகள். உழவுக் காளை ஜோடியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"முதல்ல பல்லப் பாருங்க சார், அப்புறம் நடக்க விட்டுப் பாருங்க" என்றார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதைச் சொன்னார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதையும் காட்டினார். சுழி பார்ப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. பாடைச் சுழி என்று சொல்லி நல்ல மாட்டை அடிமாட்டுக்குத் தள்ளுவது அநியாயம். பல்லும் நடையும் அறிவு; சுழி வெறும் பயம்.

இந்த நிலைமைக்கு நானும் ஒரு காரணம். வங்கியில் இருந்தபோது கலப்பினப் பசுவுக்கு எத்தனையோ கடன் கொடுத்திருக்கிறேன். எங்கள் கணக்கில் பாலுக்கு இடம் இருந்தது. உழவுக்கும் சாணத்துக்கும் இடமில்லை. நாட்டு மாடு கேட்டு வந்தவரையும் மனசு மாத்தி அனுப்பினேன்.

காளை விடும் விழாவுக்கு 2014-இல் தடை வந்தபோது கொதித்தோம். 2017-இல் சட்டத் திருத்தம் வந்தது, 2023-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சந்தோஷம்தான். ஆனால் தையில் ஓடும் காளை மட்டும் போதுமா? ஏரில் பூட்ட ஒரு ஜோடி, ஊர்ப் பசுக்களுக்கு ஒரு பொலிகாளை வேண்டாமா?

என் யோசனை இதுதான். வர்ற தீபச் சந்தைக்கு ஊருக்கு நாலு பேர் சேர்ந்து போவோம். ஆளுக்கொரு மாடு முடியாவிட்டால், பங்கு போட்டு ஊருக்கொரு பொலிகாளை வாங்குவோம். பல் பார்க்கத் தெரிந்த பெரியவரைக் கூட்டிப் போவோம், பிள்ளைகளையும்தான். வாங்க ஆள் இருந்தால்தான் வளர்க்க ஆள் இருக்கும். நாம் போகாமல் இருந்துவிட்டு, நாட்டு மாடு அழிஞ்சு போச்சுன்னு கூட்டத்தில் பேசி என்ன பிரயோஜனம்?